ரோடு வேலைக்குத் தரத் திட்டம் எழுதுகிறீர்களா? வேலையை யார் நிறுத்துவது என்று முதலில் எழுதுங்கள்

புரட்டாசி கடைசி வாரம், தென்சென்னையில் ஓர் உள்தெரு, ராத்திரி ஒன்றரை மணி. தார்க் கலவை ஏற்றிய டிப்பர் மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட பாதையில் சிக்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து நின்றது. தெர்மாமீட்டரைக் கலவைக்குள் சொருகிப் பார்த்தேன், 118 டிகிரி. விஜி 30 என்ற தர வகைத் தார் என்றால் விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு சொல்கிறது, எங்கள் தரத் திட்டத்திலும் (எதை, எப்போது, எப்படிச் சோதிப்பது என்று வேலைக்கு முன் எழுதிவைக்கும் ஆவணம்) அதே எண் இருந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்து "என்ன சார், இறக்கிடலாமா?" என்றார். நான் சைட் இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் மேலே யாருக்கோ போன் போட்டார், எடுக்கவில்லை. கலவையை விரிக்கும் பேவர் நிற்கிறது, ரோலர் நிற்கிறது, விடிவதற்குள் தெருவைத் திறந்துவிட வேண்டும். இறக்கி உருட்டிவிட்டோம். ஐப்பசி மழை நாலு நாள் பெய்ததும் அந்த ஒரு லோடு விரிந்த இருபத்தைந்து மீட்டரில் மட்டும் ஜல்லி பெயர்ந்து தெருவெல்லாம் உருண்டது.

அந்தத் திட்டத்தில் எண் இருந்தது, சோதனை இருந்தது, கையெழுத்துப் போட படிவமும் இருந்தது. எண் தவறினால் லோடைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அந்த நேரத்தில், அந்தத் தெருவில் நிற்கிற யாருக்கு என்பது மட்டும் இல்லை. நான் பார்த்த பெரும்பாலான தரத் திட்டங்களில் இருக்கிற ஓட்டை இதுதான், மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் திட்டத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே நாலு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: எந்த எண், எப்போது பார்ப்பது, யார் பார்ப்பது, தவறினால் யார் நிறுத்துவது. ஹோல்ட் பாயின்ட் என்று சைட்டில் சொல்வது இந்த நாலாவது விஷயத்தைத்தான். அந்த இடத்தில் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அடுத்த வேலை தொடங்கக் கூடாது. ராத்திரி வேலை என்றால் அவர் போன் எடுக்காவிட்டால் அடுத்த ஆள் யார், எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதையும் எழுதிவிடுங்கள். அப்புறம், திருப்பி அனுப்பிய லோடின் பணம் யார் தலையில் விழும் என்பதை ஒப்பந்தம் போடும்போதே பேசி முடியுங்கள், அது முடிவாகாத சைட்டில் எந்த இன்ஜினியரும் ஒரு டிப்பரைத் திருப்பி அனுப்பிவிட மாட்டார்.

சூட்டை எப்படி அளப்பது என்பதிலேயே ஒரு தவறு நடக்கிறது. துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்புக் கருவியை டிப்பரின் மேல் நீட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொள்கிறார்கள். அது மேல்தோலின் சூட்டைத்தான் காட்டும். மேலே ஆறியிருக்கும் கலவை உள்ளே நல்ல சூட்டில் இருக்கலாம், நல்ல லோடைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். உள்ளே சொருகும் தெர்மாமீட்டரால் இரண்டு மூன்று இடத்தில் பார்ப்பதுதான் சரி. அதே விஜி 30க்கு, உருட்டும்போது சூடு 90 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. 30, 40 மில்லிமீட்டர் கனத்தில் விரித்தது சீக்கிரம் ஆறிவிடும், கடற்காற்று அடிக்கிற தெருவில் இன்னும் சீக்கிரம். ரோலர் ஸ்டார்ட் ஆகி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் டிப்பரின் பின்கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

வேறு வேலையின் திட்டத்தைப் பெயர் மாற்றிக் கொடுப்பது

இது எல்லா இடத்திலும் நடக்கிறது. எங்கோ ஒரு நெடுஞ்சாலைக்கு எழுதிய கோப்பில் வேலையின் பெயரையும் தேதியையும் மாற்றி, சென்னையில் ஒரு நாலு மீட்டர் தெருவுக்குக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதில் கரை கட்டுவதற்கு பத்துப் பக்கம் இருக்கும், மேன்ஹோலைப் பற்றி ஒரு வரி இருக்காது.

சென்னையின் மண் ஓரிடத்தில் இருப்பது போல இன்னோரிடத்தில் இல்லை. தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டை என்று கடலும் ஆறும் ஒட்டிய இடங்களில் மணல். கிண்டி, வேளச்சேரி, சைதாப்பேட்டை பக்கம் தோண்டினால் பாறை. மணலில் தண்ணீர் விட்டு அதிர்வு கொடுத்தால் படிந்துவிடும். களிமண்ணில் அதையே செய்தால் கால் புதையும் சேறுதான் மிஞ்சும். அடிமண்ணை உருட்டும்போது ஈரம், ஆய்வகத்தில் கண்டுபிடித்த உகந்த ஈரத்தைவிட 1 சதவீதம் கூடவோ 2 சதவீதம் குறையவோ மட்டுமே இருக்கலாம் என்று விவரக்குறிப்பு சொல்கிறது, அடர்த்தி, ஆய்வகத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 97 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒரு நல்ல மழைக்கு அப்புறம் மாம்பலத்துக் களிமண் அந்த ஈரத்துக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்று யோசித்து அட்டவணை போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஆட்கள் ஈரத்தின் மேலேயே உருட்டுவார்கள், ரோலர் போன பின்னால் மண் ரப்பர் மாதிரி எழும்பும், அதன் மேல் எவ்வளவு நல்ல தார் போட்டாலும் வெடிக்கும். மண்ணின் தாங்கு திறனைச் சொல்லும் சிபிஆர் சோதனையிலும் இதே கதைதான். மாதிரியை நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த எண்ணைக் கேளுங்கள். மழைநீர் தேங்குகிற ஊரில் காய்ந்த மண்ணின் எண்ணை வைத்துக்கொண்டு ரோட்டின் கனத்தை முடிவு செய்யக் கூடாது.

சென்னைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. டெண்டர் தாமதமாகி, வேலை உத்தரவு ஆகஸ்ட் கடைசியில் வந்து, செப்டம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் அவசரப்படுவது வருடாவருடம் பார்க்கிற காட்சி. தேங்கிய தண்ணீர், மழை, பனிமூட்டம் இருந்தால் தார் வேலை செய்யக் கூடாது என்பது விதி. இதைத் திட்டத்தில் ஒரு வரியாகப் போட்டால் போதாது, வானிலை அறிக்கையை மதியம் யார் பார்ப்பது, எத்தனை மணிக்குள் கலவை ஆலைக்கு "இன்று வேண்டாம்" என்று சொல்வது என்று எழுத வேண்டும். ஆலையில் கலவை தயாராகிவிட்டால் அப்புறம் யாரும் மழையைப் பார்க்க மாட்டார்கள்.

சுரண்டிய ரோட்டின் தூசியும் மட்டமும்

பழைய ரோட்டின் மேலேயே அடுக்கடுக்காகப் போட்டு, வீட்டு வாசற்படி தெருவுக்குக் கீழே போன வேதனை சென்னைக்காரர்களுக்குத் தெரியும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிது போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. ஆனால் சுரண்டினால் பள்ளங்களில் மாவு மாதிரி தூசி தங்கும். துடைப்பத்தால் பெருக்கினால் போகாது, கம்ப்ரஸர் வைத்து ஊத வேண்டும். தூசியின் மேல் ஒட்டுப்பூச்சு (பழைய பரப்போடு புதிய அடுக்கை ஒட்டவைக்கத் தெளிக்கும் தார்க் குழம்பு) தெளித்தால் அது தூசியோடுதான் ஒட்டும், ரோட்டோடு ஒட்டாது. ஒரு வருடத்தில் புதிய அடுக்கு அப்பளம் மாதிரி உரிந்துவரும்.

பழைய தார்ப் பரப்பின் மேல் ஒட்டுப்பூச்சு சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ. எடை தெரிந்த ஒரு தகரத் தட்டை வண்டி போகும் வழியில் வைத்து, தெளித்த பிறகு எடை போட்டால் கணக்குத் தெரிந்துவிடும், பெரிய ஆய்வகமே வேண்டாம். தெளிக்கும்போது பழுப்பாக இருக்கும், தண்ணீர் பிரிந்ததும் கருப்பாகும். கருப்பாவதற்கு முன்னால் கலவையைக் கொட்டக் கூடாது. இது ஒரு ஹோல்ட் பாயின்ட், நிறம் பார்க்கத் தெரிந்த எந்த மேஸ்திரியிடமும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம்.

மட்டத்தைக் கடைசி அடுக்கில் பார்ப்பது இன்னொரு தவறு. 7 மீட்டர் ரோட்டுக்கு 2.5 சதவீதச் சரிவு என்றால் நடுமுதுகு ஓரத்தைவிட 87 மில்லிமீட்டர் அளவுக்கு உயரமாக இருக்க வேண்டும். கீழ் அடுக்கிலேயே அது வராமல், மேலே 40 மில்லிமீட்டர் தாரை வைத்து அதைச் சரிசெய்ய முடியாது. மழைநீர் வடிகாலின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது, மேன்ஹோல் மூடியை எப்போது உயர்த்துவது, எப்போது தாழ்த்துவது, இதெல்லாம் வேலை தொடங்கும் முன் ஒருநாள் தெருவில் நடந்து அளந்து எழுத வேண்டியவை. குடிநீர் வாரியம், மின்வாரியம், கேபிள்காரர்கள் யாராவது அடுத்த மாதம் வெட்டப் போகிறார்களா என்று கேட்டுவிடுவதும் அந்த நடையில் சேரும். வெட்டிய பள்ளத்தை மூடும்போது தோண்டிய மண்ணை ஒரேயடியாகத் தள்ளி மேலே ஒரு முறை அமுக்குவது தவறு, 150 முதல் 200 மில்லிமீட்டர் அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் கெட்டிப்படுத்த வேண்டும். மூடிய பிறகு யாருக்கும் தெரியாது என்பதால் ஒவ்வொரு அடுக்குக்கும் போட்டோ கேளுங்கள்.

க்யூப் நன்றாக இருக்கிறது, வடிகால் சுவர் நன்றாக இல்லை

கான்கிரீட்டில் நான் அதிகம் பார்க்கிற தவறு, வலிமை சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டிகளான க்யூப்களை எல்லாம் முதல் லாரியிலிருந்தே எடுத்துவிடுவது. அந்த லாரி வரும்போது எல்லோரும் விழிப்போடு இருப்பார்கள். நாலாவது லாரி வெயிலில் காத்து நின்று, டிரைவர் தண்ணீர் ஊற்றி இளக்கிய பிறகு வருகிறது, அதிலிருந்து யாரும் எடுப்பதில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கணக்குப்படி 16 முதல் 30 கன மீட்டர் வரை 3 மாதிரி, ஒரு மாதிரிக்கு 3 க்யூப். எந்த லாரியிலிருந்து என்று முன்கூட்டியே சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், எடுத்த க்யூபின் மேல் அந்தக் கான்கிரீட் போன இடத்தின் அடையாளத்தை எழுதுங்கள். இல்லையென்றால் 28 நாள் கழித்து ஒன்று தோற்றால் எந்தச் சுவரைச் சந்தேகப்படுவது என்றே தெரியாது, அதற்குள் அதை மண் போட்டு மூடியும் இருப்பார்கள். 7 நாள் க்யூபை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளுங்கள், அது எவ்வளவுக்குக் கீழே வந்தால் மண் மூடுவதை நிறுத்துவது என்று எண் போட்டு எழுதுங்கள்.

நீராற்றுதலை (போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பதை) "7 நாள்" என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். அது சாதாரண சிமெண்டுக்கு. இங்கே பெரும்பாலும் வருவது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட், அதற்குக் குறைந்தது 10 நாள், சித்திரை வெயிலில் 14 நாள். கடலோரச் சூழல் என்றால் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் எம் 30 தரக் கான்கிரீட்டும் வேண்டும். உள்ளூர்க் கடையில் அந்த மூடல் இடைவெளிக்காகக் கம்பியில் கட்டும் கவர் பிளாக் 25 மில்லிமீட்டரில்தான் கிடைத்தது என்ற காரணத்தைக் கேட்கும்போது எனக்குக் கோபமே வரும், அந்தக் கம்பி துருப்பிடித்துச் சுவர் வெடிப்பது பத்து வருடம் கழித்து, அப்போது அங்கே குடியிருக்கிறவர்கள்தான் அனுபவிக்க வேண்டும்.

தார் ரோட்டில் அடர்த்தி பார்க்க இடம் தேர்ந்தெடுப்பதிலும் இதே சாய்வு உண்டு. நடுவில், ரோலர் நன்றாகப் போன இடத்தில் ஓட்டை போட்டு எடுப்பார்கள். பலவீனம் ஓரத்திலும், இணைப்பிலும், மேன்ஹோலைச் சுற்றியும் இருக்கும். கீழ் அடுக்குகளில் குழி தோண்டி, அதில் மணல் ஊற்றிக் குழியின் கொள்ளளவை அளந்து அடர்த்தி பார்க்கிறீர்கள் என்றால், அந்த மணலின் எடையை அவ்வப்போது சரிபாருங்கள், நம்ம ஊர் ஈரக்காற்றில் மணல் நனைந்தால் எண் மாறிவிடும்.

பள்ளத்துக்கு ஒட்டுப் போட எதற்குத் திட்டம்?

பராமரிப்பு என்றாலே தரத் திட்டம் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். பள்ளத்தில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் அதே பள்ளம். சுற்றிலும் நல்ல ரோடு வரும்வரை சதுரமாக, செங்குத்து விளிம்போடு வெட்டி, சேற்றையும் தண்ணீரையும் எடுத்து, ஓரத்துக்கும் அடிக்கும் ஒட்டுப்பூச்சு கொடுத்து, ஆழம் அதிகம் என்றால் அடுக்கடுக்காக நிரப்பி அமுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு மூட்டையில் வரும் தயார் கலவை இருக்கிறது, அதற்கென்றே இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐஆர்சி 116 என்று 2014இல் தனி விவரக்குறிப்பும் வந்துவிட்டது.

வெட்டும்போது அடியில் தண்ணீர் ஊறுகிறதா என்று பாருங்கள். மழையில்லாத நாளில் ஊறினால் கீழே குழாய் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் மூடக் கூடாது, பராமரிப்புத் திட்டத்தில் இது முதல் ஹோல்ட் பாயின்ட்டாக இருக்கட்டும். குடிநீர் வாரியத்துக்குச் சொல்ல வேண்டியது யார், அவர்கள் வரும்வரை அந்தப் பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைத்து ராத்திரியில் சிவப்பு விளக்கு எரியவிடுவது யார் என்று அதற்குப் பக்கத்திலேயே பெயர் போட்டு எழுதுங்கள், ஸ்கூட்டரில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் நிறைந்த பள்ளம் தெரியாது.