ஏசி மின்சுற்று: கூட்டல் கணக்கு காலை வாரும் இடங்கள்

சிங்கப்பூரில் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுவது; 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுற்று). தொழிற்கல்லூரி மாணவரும் வேலையிடத்து ஒயர்மேனும் இந்த எண்ணில்தான் தொடங்குகிறார்கள்; தடுமாற்றமும் இங்கேயே தொடங்கிவிடுகிறது. 230 என்பது ஆர்எம்எஸ் மதிப்பு. அதாவது, 230 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஒரு ஹீட்டரில் எவ்வளவு சூடு தருமோ அதே சூட்டைத் தரும் ஏசி. அலையின் உச்சி ஏறக்குறைய 325 வோல்ட். ஏசியை டிசியாக மாற்றும் சுற்றில் '230தானே' என்று 250 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் கெபாசிட்டரை (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) போட்டால் அது தாங்காது.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது கூட்டல்தான். ஒரு மின்தடையையும் ஒரு காயிலையும் (கம்பிச்சுருள்) தொடராக இணைத்து அளக்கிறோம். மின்தடையில் 138 வோல்ட், காயிலில் 184. கூட்டினால் 322; சப்ளையோ 230. உடனே "மீட்டர் கெட்டுப்போச்சு" என்று வேறு மீட்டர் தேடுவார்கள். மீட்டரில் ஒரு குறையும் இல்லை. மின்தடையில் வோல்டேஜும் கரண்ட்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். காயிலில் வோல்டேஜ் கால் சுற்று முந்திக்கொள்ளும். இரண்டு வோல்டேஜும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வராததால் செங்கோண முக்கோணம்தான் போட வேண்டும். 138-இன் வர்க்கம் 19,044. 184-இன் வர்க்கம் 33,856. கூட்டினால் 52,900, அதன் வர்க்கமூலம் 230. (காயில் கம்பிக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு என்பதால் நிஜத்தில் எண் சற்றே விலகும்.)

சரி, அதே சுற்றில் 1 ஆம்பியர் ஓடினால் செலவு 230 வாட்டா? இல்லை, 138 வாட்தான்; வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையில் செலவாகும் பங்கு, அதாவது திறன் காரணி, 0.6. காயில் தன் பங்கை வாங்கி அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஆனாலும் ஒயர் முழு 1 ஆம்பியரையும் சுமக்கிறது. ஒயரின் தடிமனை வாட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வது அதனால்தான் தப்பு.

அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் மோட்டாருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதும் என்பது இன்னொரு நினைப்பு. அது வோல்டேஜைக் குறைக்கும். 60 ஹெர்ட்ஸைத் தராது. 50 ஹெர்ட்ஸில் காயில் காட்டும் எதிர்ப்பு குறைவு. கரண்ட் கூடும், மோட்டார் சூடாகும்.

கணக்கில் வரும் தப்பைத் திருத்திக்கொள்ளலாம், ஒயரின் நிறத்தில் வந்தால் உயிருக்கு ஆபத்து. இந்தியாவில் வேலை பழகியவர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்), கறுப்பு நியூட்ரல் (திரும்பும் ஒயர்). சிங்கப்பூரில் 2009 முதல் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் பேஸ், நீலம் நியூட்ரல். கறுப்பும் நீலமும் அப்படியே இடம் மாறி நிற்கின்றன! பழைய கட்டடங்களில் பழைய நிறங்களும் இன்னும் இருக்கின்றன. ஒரே பெட்டிக்குள் இரண்டு முறையும் கலந்திருக்கலாம். நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். அதற்கு முன், மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நியூட்ரல் ஷாக் அடிக்காது என்பதும் முழு உண்மையில்லை. நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தால், விளக்கின் வழியாகவே அதன் விளக்குப் பக்க முனைக்கு 230 வோல்ட் வந்து நிற்கும். போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் வேறுபட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் சேர்த்துத் தொட்டால் போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் சமம். ஆர்சிசிபியின் கணக்கில் அவரும் ஒரு பல்புதான், சுவிட்ச் விழாது.