எக்ஸ்சேஞ்ச் சர்வர்: லாக்கை எத்தனை நாள் வைத்திருப்பது?

மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சில் எந்த மெயிலும் முதலில் லாக்கில் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் ஃபைல்களில்) எழுதப்பட்டு, அப்புறம்தான் டேட்டாபேஸ் ஃபைலுக்குப் போகும். அதனால் ஞாயிறு இரவு ஃபுல் பேக்கப் எடுத்து, புதன் மதியம் டேட்டாபேஸ் டிஸ்க் செத்துப்போனாலும், இடைப்பட்ட லாக் எல்லாம் கையில் இருந்தால் புதன் மதியம் வரை மீட்டுவிடலாம். நடுவில் ஒன்றே ஒன்று காணாமல் போனால் அங்கேயே நின்றுவிடும், அதற்குப் பிறகு ஆயிரம் ஃபைல் இருந்தும் பயனில்லை.

ஆகவே லாக்கையும் டேட்டாபேஸையும் ஒரே டிஸ்க்கில் போடாதீர்கள். சர்க்குலர் லாகிங் என்ற செட்டிங் ஆஃபில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனில் இருந்தால் பழைய லாக் தானாகவே அழிந்துபோகும், கடைசி பேக்கப்போடு திருப்திப்பட வேண்டியதுதான்.

அடுத்தது இடக் கணக்கு. 2007 பதிப்பிலிருந்து ஒரு லாக் 1 எம்பி. ஒரு நாளைக்கு 8,000 லாக் விழுகிறது என்றால் 8 ஜிபி. ஃபுல் அல்லது இன்கிரிமென்டல் பேக்கப் (முந்தைய பேக்கப்புக்குப் பிறகு சேர்ந்ததை மட்டும் எடுப்பது) ஒழுங்காக முடிந்தால்தான் பழைய லாக் டிஸ்க்கிலிருந்து கழியும் (ஒவ்வொரு முறையும் கடைசி ஃபுல்லுக்குப் பிறகு சேர்ந்தது எல்லாவற்றையும் எடுக்கும் டிஃபரன்ஷியல் கழிக்காது), வெள்ளி இரவு பேக்கப் ஊற்றிக்கொண்டு திங்கள்கிழமைதான் யாரோ கவனிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால்கூட மூன்று நாள் தாங்க வேண்டும். நான் ஒரு வாரத்துக்கு, அதாவது 56 ஜிபி, ஒதுக்கிவிடுவேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் லாக் டிஸ்க் நிரம்பி மெயில் நின்றபோது, பழசுதானே என்று ஒருவர் கையாலேயே லாக்கை அழித்துவிட்டார். அன்று இரவு யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

பேக்கப்பில் குறைந்தது இரண்டு சுற்று வையுங்கள்: இந்த வார ஃபுல்லைப் படிக்க முடியவில்லை என்றால் போன வார ஃபுல்லும் அதன் பின்னால் எடுத்த இன்கிரிமென்டல்களும் கைகொடுக்கும். யாரோ தவறி அழித்த மெயிலுக்கெல்லாம் இவ்வளவு பாடு வேண்டாம், அழித்த மெயில் 14 நாளும் அழித்த மெயில்பாக்ஸ் 30 நாளும், செட்டிங்கை மாற்றாதவரை, சர்வர் உள்ளேயே இருக்கும்.

சரி, இதெல்லாம் வேலை செய்யுமா என்று எப்படித் தெரியும்? மாதம் ஒருமுறை ரெக்கவரி டேட்டாபேஸில் (ஓடும் மெயிலைத் தொடாமல் மீட்டுப்பார்க்க உதவும் தனி டேட்டாபேஸ்) ரெஸ்டோர் செய்துபாருங்கள். டேட்டாபேஸ் ஃபைலின் நிலையைக் காட்டும் ஈஎஸ்இயூடில் (eseutil) கருவியை எம்ஹெச் (/mh) சுவிட்சோடு ஓட்டினால் ‘டர்ட்டி ஷட்டவுன்’ என்று வரும், பயப்பட வேண்டாம், லாக் இன்னும் அதில் சேரவில்லை என்றுதான் அர்த்தம். அதோடு ‘லாக் ரிக்வயர்ட்’ என்ற வரியில் 1204-1209 என்று இருந்தால் அந்த ஆறு ஃபைலும் கட்டாயம் வேண்டும். ஃபைல் பெயர் ஹெக்ஸ் எண்ணில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறை) இருக்கும், 1204ஐத் தேடாமல் 4பி4 என்று முடிவதைத் தேடுங்கள். ரெஸ்டோருக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறித்துவையுங்கள், மெயில் நின்ற அன்று மேனேஜர் முதலில் கேட்பது அதைத்தான்.