சிலம்பத்தில் தோற்ற சுற்றிலிருந்து பாடம் எடுப்பது எப்படி?

தொடுமுறைப் போட்டியில் கம்பு உடம்பில் பட்டால் எதிராளிக்குப் புள்ளி. தோற்றவர் பெரும்பாலும் "வேகம் பத்தலை" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வீச்சைக் கூட்டிப் பழகுவார். காரணம் காலடியில் இருக்கும்போது கையில் தேடினால் கிடைக்காது.

முதலில் அடி எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். இருவர் கம்பின் நுனியிலும் ஒரு சாண் அளவுக்குப் பருத்தித் துணியை இறுகச் சுற்றி, சாக்பீஸ் தூளைக் குழைத்துத் தோய்த்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பனியனில் பட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம், கண்ணில் தெறித்தால் ஆபத்து. தலைக்கவசம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

சுற்று முடிந்ததும், தண்ணீர் குடிக்கும் முன்பே, மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுங்கள்: எங்கே பட்டது, அப்போது எந்தக் கால் முன்னால் இருந்தது, கம்பின் நுனி எந்தப் பக்கம் இருந்தது. பத்து நிமிடம் போனால் மனசு தனக்குச் சாதகமாகக் கதை கட்டிவிடும். ஐந்தாறு சுற்று சேர்ந்தால் ஒரே இடம் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

உதாரணத்துக்கு, வலது தோளில் மூன்று வெள்ளைக் கோடு. நீங்கள் வலமிருந்து இடமாக வீசிய கம்பு எதிராளியைத் தாண்டி ஓடிவிட்டது. அது சுற்றி வருவதற்குள் வலப்பக்கம் திறந்து கிடக்கிறது. வீச்சில் குறையில்லை. பின்கால் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கம்பு இடப்பக்கம் கடக்கும்போதே பின்காலைச் சாய்வாக விலக்கி வைக்கப் பழகுங்கள். நேர் பின்னால் போகக் கூடாது, எதிராளி ஓரடி முன்னே வைத்தால் மறுபடி எட்டிவிடுவார்.

துணைவரை அதே அடியைக் கால்பங்கு வேகத்தில் 20 தடவை போடச் சொல்லுங்கள். பிறகு அரை வேகத்தில் 20. ஒன்றுகூடப் படவில்லை என்றால்தான் முழு வேகம். பட்டால் ஒரு படி கீழே இறங்குங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு தவறைத் திருத்தினால் போதும்.

கம்பு கை நழுவுகிறதா? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கும், அதனால் முன்கை சீக்கிரம் சோர்ந்துபோகும். சுண்டுவிரல், மோதிரவிரல் பிடிமானத்தைத் தாங்கட்டும்.

விரல் கணுவில் அடி விழுவது வேறு கணக்கு. கம்பைக் கிடைமட்டமாக நீட்டித் தடுத்தால் எதிராளியின் கம்பு வழுக்கிக்கொண்டு கைக்கே வரும். நுனியை மேலே தூக்கிச் சாய்த்து, கையிலிருந்து இரண்டு சாணாவது தள்ளி அடியை வாங்குங்கள். கணு வீங்கி விரல் மடங்கவில்லை என்றால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு கம்பைத் தொட்டால் போதும்.