நுண்ணறிவு வினாத்தாளுக்குத் தயாராவது எப்படி?

முதலில் கடந்தகால வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்துச் செய்யுங்கள். 50 வினாவுக்கு 60 நிமிடம் என்றால், ஒன்றுக்கு 72 செக்கன்தான். பிழைத்தவற்றை வகை பிரித்து எழுதினால் எதில் உழைக்க வேண்டும் என்பது தெரியும்.

அதிகம் சறுக்குவது முடிபு வினாக்களில். ‘எல்லா ஆசிரியர்களும் பட்டதாரிகள், சில பட்டதாரிகள் எழுத்தாளர்கள்.’ அப்படியானால் சில ஆசிரியர்கள் எழுத்தாளர்களா? பலரும் ஆம் என்பார்கள். வட்டம் வரைந்து பாருங்கள்: ஆசிரியர் வட்டம் பட்டதாரி வட்டத்துக்குள் முழுதாக அடங்கும், எழுத்தாளர் வட்டம் ஆசிரியர் வட்டத்தைத் தொடாமலே பட்டதாரி வட்டத்தை வெட்டலாம். ஆகவே அந்த முடிபு உறுதியில்லை. உலக அறிவை வெளியே விட்டு, தந்த கூற்றை மட்டும் நம்புங்கள்.

எண் தொடரில் முதலில் வித்தியாசம் எடுங்கள். 3, 7, 15, 31: வித்தியாசம் 4, 8, 16, அடுத்த வித்தியாசம் 32, ஆகவே அடுத்த எண் 63. எண்கள் ஏறி இறங்கினால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாருங்கள். 5, 20, 7, 18, 9, 16 என்பதில் இரண்டு தொடர்கள், விடை 11.

திசைக் கணக்கில் தடுமாறும் கொழும்பாருக்கு ஒரு வழி: காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு நடந்தால் முகம் தெற்கே, கடல் வலக்கைப் பக்கம், அதாவது மேற்கு. யார் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கேட்கும் வினாக்களில், வட்டமேசையில் மையம் நோக்கி இருப்பவரின் வலப்பக்கம், மேலிருந்து பார்க்க, இடஞ்சுழியாகும்.