புது டேங்க் யூனிட் போட்டும் முள் சரியாகக் காட்டவில்லையா? மீட்டரைக் கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏறும்போது, 27 கொண்டை ஊசி வளைவில் பாதிகூட முடியவில்லை, ஜீப் இருமி நின்றுவிட்டது. டீசல் முள் பாதிக்கு மேல் காட்டியதால் டீசல் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பின்னால் வந்த காய்கறி டெம்போக்காரர் டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார், நுனி மட்டும்தான் நனைந்தது. அவரே 5 லிட்டர் கேன் கொடுத்தார். டீசல் வண்டி என்பதால் ஊற்றியதும் கிளம்பாது, ஃபில்டர் மேல் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக் குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கே அரைமணி நேரம் ஆனது. அந்த ஜீப்புக்குப் புது டேங்க் யூனிட், அதாவது டேங்குக்குள் இருந்து டீசல் அளவை மீட்டருக்குச் சொல்லும் பாகம், போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

இதில் எல்லோரும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறோம். யூனிட் புதுசு, அதனால் அதில் தப்பு இருக்காது, அப்படியானால் மீட்டர்தான் போயிருக்கும் என்று டேஷ்போர்டைப் பிரித்துவிடுகிறோம். யூனிட் மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால் முதலில் கை வைத்த இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். யூனிட், அதன் எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் இணைப்பு), அதன் ஒயர், இந்த மூன்றையும் பார்க்காமல் மீட்டருக்குப் போகாதீர்கள்.

வேலை செய்யும் விதம் சுலபமானது. டேங்குக்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பிக் கை, கை ஏறி இறங்கும்போது ஒரு தடத்தின் மேல் உரசி ஓம் அளவை, அதாவது மின்தடையை, மாற்றும். மீட்டரிலிருந்து வரும் ஒயர் இந்த ஓம் வழியாக டேங்க் பாடிக்குப் போய் எர்த் ஆகிறது. எவ்வளவு கரண்ட் ஓடுகிறதோ அதற்குத் தகுந்தபடி முள் நகரும். சேஸிஸ் எர்த்தை நம்பாமல் தனி எர்த் ஒயர் வைத்த வண்டிகளும் உண்டு, பிளாஸ்டிக் டேங்க் என்றால் கட்டாயம் இருக்கும்.

முதல் சோதனைக்கு மல்டிமீட்டர்கூட வேண்டாம். சாவியை ஆன் செய்து, டேங்க் யூனிட்டில் இருக்கும் ஒயரைக் கழற்றுங்கள், ஒருவரை முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் ஒரு கோடிக்குப் போகும். அப்புறம் அந்த ஒயர் நுனியைச் சேஸிஸில் நல்ல இரும்பில் தொடுங்கள், மறுகோடிக்குப் போக வேண்டும். என் ஜீப்பில் கழற்றினால் காலி, எர்த்தில் தொட்டால் ஃபுல், சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும், இரண்டுமே சரிதான். பழைய மீட்டர்களில் முள் மெதுவாகத்தான் ஏறும், அதற்காக ஒயரை நேரடியாக எர்த்தில் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், சூட்டில் வேலை செய்யும் மீட்டர் கெட்டுவிடும். நடுவில் ஒரு சின்ன டெஸ்ட் லேம்பைச் சேர்த்துத் தொட்டால் பயமில்லை. பெட்ரோல் வண்டியில் டேங்க் வாய்க்குப் பக்கத்தில் இந்தத் தொடும் வேலையே கூடாது, ஒரு நீள ஒயரை முன்னாலேயே இறுக்கமாகச் சேர்த்துவிட்டு, டேங்குக்குத் தள்ளி நின்று தொடுங்கள்.

முள் இரண்டு கோடிக்கும் போனால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, டேஷ்போர்டில் கை வைக்க வேண்டியதே இல்லை. அசையவே இல்லை என்றால் கழற்றிய ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். சுத்தமாக ஒன்றும் வரவில்லை என்றால் ஃபியூஸ், வழியில் அறுந்த ஒயர், மீட்டருக்குப் போகும் சப்ளை என்று தேடுங்கள். பழைய வண்டியில் டீசல் முள்ளும் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள்ளும் சேர்ந்தே தப்பாகக் காட்டினால் மீட்டர் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைத்தான் பார்க்க வேண்டும், டேங்க் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்தது எர்த். புது யூனிட் போடும்போது தடிமனான ரப்பர் பேக்கிங், அதன் மேல் கசிவு வராமல் பேஸ்ட், டேங்குக்குப் புது பெயிண்ட் என்று எல்லாம் போடுகிறோம். பழசில் தற்செயலாகக் கிடைத்துக்கொண்டிருந்த எர்த் இதில் போய்விடும். தோட்டத்து வண்டிகளில் இன்னும் மோசம், யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றி இறக்கிய உப்பெல்லாம் டேங்க் பட்டையில் படிந்து துரு பிடித்திருக்கும். யூனிட்டை டேங்கோடு ஸ்க்ரூ போட்டு மாட்டும் தகட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு ஒயர் பிடித்துப் பாருங்கள். முள் சரியாகிவிட்டால் கோளாறு அதுதான். மல்டிமீட்டர் இருந்தால் சாவி ஆனில், ஒயர் மாட்டியிருக்கும்போதே, தகட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். தகட்டின் ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில் ரிங் டெர்மினல் வைத்து, சேஸிஸில் ஓர் இடத்தை எமரி தாளால் வெள்ளையாகும்வரை தேய்த்து, போல்ட் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். ஸ்க்ரூவும் பெயிண்ட் மேல் உட்கார்ந்திருந்தால் பயனில்லை, அதன் அடியையும் சுரண்டுங்கள்.

என் ஜீப்பில் முள் இரண்டு கோடிக்கும் போனது, எர்த்தும் நன்றாக இருந்தது. சரி, ஒயரைக் கழற்றிவிட்டு யூனிட்டில் ஒயர் மாட்டும் பின்னுக்கும் தகட்டுக்கும் நடுவே ஓம் பார்த்தேன். 60 காட்டியது. 10 லிட்டர் ஊற்றினேன், அப்போதும் 60. வண்டியை ஆட்டினால் டேங்கில் டீசல் அலையும், அளவு கொஞ்சமாவது ஆட வேண்டும். ஆடவில்லை. கை எங்கோ மாட்டியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

திறப்பதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டேங்கில் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும், ஒர்க்‌ஷாப் குழிக்குள் போய்த் தேங்கும், அதனால் காற்றோட்டமான வெளியிடத்தில் செய்யுங்கள், பீடி, அடுப்பு, கிரைண்டர் எதுவும் பக்கத்தில் கூடாது.

வெளியே எடுத்ததும் மிதவையின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளவென்று ஒரு கீறல் தெரிந்தது. டேங்குக்குள் டீசல் அலையாமல் இருக்க வைத்திருக்கும் தடுப்புத் தகட்டில் உரசி உரசி வந்த கோடு. எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் கேட்ட முதல் கேள்வி, “ஏனுங்க, பழைய யூனிட்டத் தூக்கிப் போட்டுட்டீங்களா?” நல்லவேளை, போடவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புதுசின் கை இரண்டு விரல் கடை அதிக நீளம். கையை வளைத்து, பழசின் மேல் கோடிக்கும் கீழ்க் கோடிக்கும் அப்படியே ஒத்துவரச் செய்தோம். புது யூனிட் சரியாகிறவரை பழசைத் தூக்கிப் போடாதீர்கள், அதைவிட நல்ல அளவுகோல் வேறு கிடைக்காது.

யூனிட் கையில் இருக்கும்போதே இதையும் பார்த்துவிடுங்கள். கையை மெதுவாகக் கீழிருந்து மேலே நகர்த்தினால் ஓம் சீராக மாற வேண்டும், நடுவில் ஓரிடத்தில் விட்டுப்போனால் தடம் அறுந்திருக்கிறது. பித்தளை மிதவை என்றால் காதருகே ஆட்டுங்கள், உள்ளே தளும்பினால் ஓட்டை. அந்த ஓட்டையைப் பற்றவைத்து அடைக்கப் போகாதீர்கள், உள்ளே இருப்பது எரிபொருள்.

இன்னொரு கோளாறு இதைவிட ஆபத்தானது. ஓம் கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. காலிக்குச் சுமார் 10, ஃபுல்லுக்கு 180 என்று ஒரு வகை, காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33 என்று இன்னொரு வகை, 0 முதல் 90 என்று வேறொன்று. வகை மாறி மாட்டினால் முள் தலைகீழாக ஓடும், டேங்க் காலியாகக் காலியாக ஃபுல்லை நோக்கிப் போகும், அல்லது எவ்வளவு நிரப்பினாலும் பாதியோடு நின்றுவிடும். கையை வளைத்து இதைச் சரிசெய்ய முடியாது, சரியான வகையைத்தான் வாங்க வேண்டும். மீட்டருக்கு எந்த வகை வேண்டும் என்று தெரியவில்லையா, எலக்ட்ரானிக்ஸ் கடையில் வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்கும் 5 வாட் ரெசிஸ்டர்களை 10, 33, 100, 220 ஓமில் ஒவ்வொன்று வாங்கி, யூனிட்டுக்குப் பதிலாக ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதற்கு முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொண்டால் மீட்டரின் வகை தானாகத் தெரிந்துவிடும். கோவை உக்கடம் பக்கம் பழைய ஸ்பேர்ஸ் வாங்கப் போகிறவர்கள் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய், கடை வாசலிலேயே மேல் கோடி, கீழ்க் கோடி இரண்டையும் அளந்து வாங்குங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு முள்ளை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். காலி டேங்கில் 5 லிட்டர் கேனால் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் சமதளத்தில் நிறுத்தி முள் எங்கே என்று குறியுங்கள். மேட்டில் நிறுத்தினால் எரிபொருள் பின்னால் ஒதுங்கி அளவு மாறிவிடும். என் ஜீப்பில் இப்போது முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போது 7 லிட்டர் மிச்சம் இருக்கிறது, அதை ஒரு சீட்டில் எழுதி மீட்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.