பொன்னாடை போதும், கூரை ஓட்டையை அடையுங்கள்: ஊழியரைத் தாங்குவதில் சபைகள் செய்யும் தவறுகள்

எங்கள் சேகரத்தில் (ஒரே போதகரின் கீழ் வரும் ஊர்ச் சபைகள்) இருந்த ஓர் ஆயர் (போதகர்) மாற்றலாகிப் போனபோது சாமான் கட்ட நானும் போயிருந்தேன். பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கப் பொன்னாடை. அசனத்துக்கு (கோயில் விருந்து) ஒன்று, பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒன்று, வாலிபர் பண்டிகைக்கு ஒன்று என்று சேர்ந்தவை. பீரோவை நகர்த்தினால் பின்சுவர் பாசி பிடித்துக் கிடந்தது. ஆயர் வீடான குருமனையின் கூரை ஒழுகுகிறது என்று அவர் மனைவியான ஐயரம்மா இரண்டு மழைக்காலமாகச் சொல்லியிருந்தார்கள். "அடுத்த கமிட்டியில் பேசுவோம்" என்றவர்களில் நானும் ஒருவன். புது ஆயர் வருகிறார் என்றதும் ஒரே வாரத்தில் ஓட்டை அடைபட்டது.

வரவேற்பிலும் வழியனுப்பிலும் பாசம் பொங்குகிறது. நடுவில் உள்ள வருஷங்களில் ஆளையே மறந்துவிடுகிறோம். மோட்டார், வயரிங், கழிவறை எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒருமுறை கமிட்டியே போய்ப் பார்க்க வேண்டும். ஆயர் வாய்விட்டுக் கேட்டால் "இவருக்கு வசதி கேக்குதாம்" என்று பேச்சு கிளம்பும். அதற்குப் பயந்தே பலர் கேட்பதில்லை.

அடுத்தது, சம்பளத்தைத் தர்மம்போல நினைப்பது. உழைப்பவருக்குக் கூலி தர வேண்டும் என்பதற்குப் பைபிளில் உள்ள 'போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக' என்ற வசனத்துக்குத் தலையாட்டாதவர் யார்? தென்னிந்தியத் திருச்சபை போன்ற பெரிய சபைகளில் ஆயருக்காவது பொதுவாகத் திருமண்டலம் (பேராயரின் நிர்வாகப் பகுதி) வழியாகச் சம்பளம் வந்துவிடும். திண்டாடுவது உபதேசியாரும், கோயிலில் மணியடித்துப் பாய் விரிக்கும் கோயில் பிள்ளையும்தான். ஒரு சேகரத்தில் ஐந்தாறு ஊர் இருந்தால் ஆயரால் எல்லா ஊருக்கும் ஞாயிறு காலையில் போக முடியாது. ஆராதனை நடத்துவதும், சாவு வீட்டுக்கு முதல் ஆளாக ஓடுவதும் உபதேசியார். பண்டிகைக்குச் சீரியல் லைட் போடும்போது வராத பட்ஜெட் கவலை, அவர் சம்பளத்தைப் பேசும்போது மட்டும் வந்துவிடும்.

தமிழக அரசு, தேவாலயங்களில் வேலை செய்யும் உபதேசியார்கள், பணியாளர்களுக்கென்றே ஒரு நல வாரியம் வைத்திருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து போன்றவற்றுக்கு உதவி உண்டு. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வாங்கலாம். சபைக்குப் பைசா செலவில்லை. ஆனால் மணியடித்துப் பாய் விரிப்பவருக்குத் தனியாக ஆபீஸ் ஏறி இறங்க நேரமும் இருக்காது, தைரியமும் வராது. சபைச் செயலர் ஒரு நாள் அவரோடு போனால் வேலை முடிந்துவிடும்.

ஓய்வு விஷயத்தில் நாம் பொல்லாதவர்கள். ஞாயிறன்று மூன்று ஊரில் ஆராதனை முடித்தவருக்கு, திங்கள் காலை ஆறு மணிக்கே "ஐயா, ஒரு சின்ன ஜெபம்" என்று போன் வரும். பைபிளில், சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு, வந்த தூதன் புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பப் படுத்துத் தூங்கினார். தூதன் அதையும் தடுக்கவில்லை. வாரத்தில் ஒரு நாளை ஆயருக்கென்று குறித்து வாசலிலேயே எழுதிப் போடலாம். சாவு, விபத்து தவிர மற்றதெல்லாம் மறுநாளுக்கு.

ஐயரம்மாவைச் சம்பளமில்லாத இரண்டாவது ஊழியராக நடத்துவதையும் விட வேண்டும். ஞாயிறு பள்ளியும் பாடகர் குழுவும் அவர்கள் விரும்பினால் எடுக்கட்டும்.

குறை சொல்லும் விதத்துக்கு வருவோம். பிரசங்கம் நீளம் என்றால் ஆயரிடம் சொல்லாமல், வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு, கடைசியில் பேராயருக்கு மொட்டைக் கடிதம் போடுகிறோம். முதலில் தனித்துப் போய்ப் பேசு என்று மத்தேயு 18-இல் தெளிவாக இருக்கிறது. ஆனால் இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது: 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்று எல்லாவற்றையும் மூடி மறைப்பது. பிள்ளைகள் பாதுகாப்பு என்று வந்தால் கமிட்டிக்குள் பேசி முடிக்கும் வேலையே கூடாது, போலீசுக்குப் போக வேண்டும். பணம் என்றால் கணக்கைக் கேளுங்கள். காசோலையில் இரண்டு கையெழுத்து, வருஷத் தணிக்கை இரண்டும் இருந்தால் நேர்மையான ஆயருக்கு அதுதான் பாதுகாப்பு. நாளைக்கு யாரும் அவர்மேல் பழி போட முடியாது.

அப்புறம், அடுத்த அசனத்தன்று ஒன்றைக் கவனியுங்கள். முதல் நாள் ராத்திரி முழுக்க அடுப்பு பக்கம் நின்ற கோயில் பிள்ளை எந்தப் பந்தியில் உட்காருகிறார்? எங்கள் ஊரில் கடைசிப் பந்தி. அப்போது சோறு மிஞ்சியிருக்கும், ஆட்டுக்கறி மிஞ்சியிருக்காது.