கம்பில் எர்காட்: பிரிக்கும் முறையும் அதன் மருந்துக் கணக்கும்

கம்பு பூக்கிற நேரத்தில் மேகமூட்டமும் தூறலுமாக இருந்தால் தினமும் கதிரைப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறத்தில் துளித்துளியாகக் கசிந்து, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது தேன் ஒழுகல் நோய். மகரந்தம் சேராத பூவின் சூல்முடி வழியாகப் பூசணம் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று வாரத்தில், மணி இருக்க வேண்டிய இடத்தில் கரும்பழுப்பாக ஒரு கெட்டி முடிச்சு உமியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் எர்காட். அந்தக் கதிர்களை முன்கூட்டியே தனியாக வெட்டிவிடுங்கள். களத்தில் அடிபட்டு நொறுங்கினால் துண்டுகளைப் பிரிப்பது பெரும்பாடு.

விதையிலிருந்து இந்த முடிச்சுகளைப் பிரிக்க, பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பை முழுதாகக் கரையுங்கள். விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் முடிச்சுகள் அடியில் சிக்கி மேலே வராது. மிதப்பதை அரித்தெடுத்து, பத்து நிமிடத்தில் விதையை வெளியே எடுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். மிதந்ததை எரித்துவிடுங்கள், கோழிக்கோ மாட்டுக்கோ போடவே வேண்டாம்.

சாப்பாட்டுக் கம்புக்கும் இதே முறைதான். தானியத்தில் எர்காட் இருக்க இந்தியாவில் அனுமதித்த அளவு எடையில் 0.05 சதவீதம், அதாவது கிலோவுக்கு அரை கிராம். 1975இல் ராஜஸ்தானில் எர்காட் கலந்த கம்பைச் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், தூக்கக் கலக்கம் வந்தன. வேகவைத்தால் போய்விடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

எர்காட்டிலிருந்து மருந்து வருவது உண்மை. ஆனால் அது ரை தானியத்தில் வளரும் வேறு இனம். 1918இல் பிரித்தெடுத்த எர்கோடமின் ஒற்றைத் தலைவலிக்கு ஆனது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்த மெத்தில் எர்கோமெட்ரின் 0.2 மில்லிகிராம் தசையில் போடுவார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அளவு மிஞ்சினால் ரத்தக்குழாய் சுருங்கி விரல்கள் அழுகும். கம்பு எர்காட்டில் இருப்பது அக்ரோகிளாவின் வகை நச்சுகள். அதை அரைத்துக் கைவைத்தியம் செய்வது விஷம் கொடுப்பதுதான்.

அடுத்த போகத்துக்கு நிலத்தை ஆழ உழுது, உதிர்ந்த முடிச்சுகளை அடியில் புதையுங்கள். செப்டம்பர் மழையில் பூக்காதபடி விதைப்பு நாளைத் தள்ளி வையுங்கள்.